சாளரங்களுக்கு ஓர் அறை

நாம் அன்றாடம் சொல்லும் ஜன்னல் போர்த்துகீசியர் வழியாக வந்த சொல். சிலப்பதிகாரத்தில் அதற்குக் காலதர் என்று பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கிலத்தின் விண்டோவும் காற்றின் கண் என்று பொருள்படும் பழைய நார்ஸ் சொல்லிலிருந்து பிறந்ததுதான். இந்தச் சொல் கணினித் திரைக்குக் குடிபோனபோது சுவரில் அதற்கு இருந்த குணம் ஒன்றை விட்டுவிட்டுப் போனது. சுவரில் ஒரு ஜன்னல் இன்னொன்றை மறைக்காது. வைத்த இடத்தை விட்டு நகராது. திரையில் திறக்கும் சாளரங்களோ ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன, பக்கத்தில் இருப்பதை மூடுகின்றன, வேண்டும் என்று தேடும்போது அடியில் போய்க் கிடக்கின்றன. பெயரில்தான் அது சாளரம்; நடத்தையில் மேசைமேல் போட்ட தாள். இந்தக் கலப்புக்கு 50 வயது ஆகிறது. அது எப்படி நேர்ந்தது, அதனால் விளைந்த சிக்கலை அவிழ்க்க யார் யார் என்ன செய்தார்கள் என்பதைத் தொடர்ந்து பார்த்தால், கணினியைச் செய்தவர்கள் நம் வேலையை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

மாதத்தின் 20ஆம் தேதி நெருங்கும்போது ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்ய உட்காரும் ஒரு கணக்காளரின் திரையை நினைத்துக்கொள்வோம். டாலியில் பேரேடு, எக்ஸெலில் கொள்முதல் பட்டியல், பிரௌசரில் அரசின் இணையதளம், வாடிக்கையாளர் அனுப்பிய பில்களின் பிடிஎஃப், அவரோடு பேச வாட்ஸ்அப். ஐந்தும் சேர்ந்தால்தான் ஒரு வேலை. நடுவில் இன்னொருவரின் வருமான வரி நோட்டீஸ் வந்து நிற்கும். அதற்கு வேறு எக்ஸெல், வேறு பிடிஎஃப், அதே பிரௌசர். அரைமணி நேரம் கழித்துப் பழைய வேலைக்குத் திரும்பினால் ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தேடி மேலே கொண்டுவர வேண்டும். எந்த ஐந்து சேர்ந்தவை என்பது அவருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதா, ஓடு பதித்ததுபோல் பக்கம் பக்கமாக அடுக்குவதா என்று துறை பல ஆண்டுகள் வாதாடியது. எந்தச் சாளரங்கள் ஒரே வேலையைச் சேர்ந்தவை என்பதுதான் அடிப்படையான கேள்வி என்று நான் கருதுகிறேன். அந்தக் கேள்வியைச் சாளரங்கள் பிறந்த அதே ஆய்வுக்கூடத்தில் 1986இலேயே கேட்டு, பதிலும் சொல்லிவிட்டார்கள். துறையின் காதில் அது விழுவதற்குத்தான் இத்தனை காலம் பிடித்தது.

திரையைப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டுவதை டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவில் நடத்திய புகழ்பெற்ற செயல்விளக்கத்திலேயே பார்த்துவிட்டார்கள். ஆனால் இன்று நாம் அறிந்த, ஒன்றையொன்று மறைக்கும் சாளரம் 1970களில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் உருவானது. 1973இல் அங்கே செய்யப்பட்ட ஆல்டோ என்ற கணினியின் திரை, எழுதும் தாளைப்போல் நெட்டுக்குத்தாக நின்றது. அகலத்தில் 606 புள்ளிகள், உயரத்தில் 808. ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்று கணக்கிட்டால் திரையை மட்டும் நினைவில் வைக்க ஏறத்தாழ 60 கிலோபைட் தேவை; கணினியின் மொத்த நினைவகமே 128 கிலோபைட்தான். பாதி நினைவகத்தைத் திரைக்குக் கொடுத்தும் கிடைத்தது ஒரே ஒரு தாளின் பரப்பு. இந்த நெருக்கடியில்தான் ஆலன் கேயின் குழு, தாள்களை மேசைமேல் போடுவதுபோல் சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடலாம் என்ற வழிக்கு வந்தது. தாள் ஒன்றுதான், ஆனால் அடியில் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். அதே குழுவின் டான் இங்கால்ஸ், திரையின் ஒரு செவ்வகத்தை அப்படியே பெயர்த்து வேறோர் இடத்தில் ஒட்டும் பிட்பிளிட் என்ற செயல்முறையை எழுதியதால் அது கண்முன் வேகமாக நடந்தது. இடப்பற்றாக்குறைக்குக் கண்ட கைமருந்தாகத்தான் இந்த மறைத்தல் தொடங்கியது என்பதை மறக்கக் கூடாது. பிற்காலத்தில் அதையே கணினியின் இயல்பு என்று பலரும் எண்ணிக்கொண்டார்கள்.

கைமருந்துக்கும் விலை இருந்தது. 1979 டிசம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸோடு பார்க்குக்குப் போனவர்களில் ஆப்பிளின் பில் அட்கின்சனும் ஒருவர். அங்கே பார்த்த ஸ்மால்டாக் அமைப்பில், மேல்சாளரம் மறைத்ததுபோக அடியிலிருக்கும் சாளரத்தின் மிச்சப் பகுதி தானாகவே புதுப்பிக்கப்படுவதாக அவர் நினைத்துக்கொண்டார். உண்மையில் அது அந்த அளவுக்குச் செய்யவில்லை. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும் என்ற நம்பிக்கையில் அவர் உட்கார்ந்து அதைச் செய்தே முடித்தார். சிக்கல் என்னவென்று கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒரு செவ்வகத்தின் மூலையை இன்னொரு செவ்வகம் மூடினால், மூடாமல் மிஞ்சுவது செவ்வகமாக இருக்காது. ஆங்கில எல் எழுத்தைப்போல் ஒரு மடக்கு உருவமாக இருக்கும். மூன்றாவதும் மேலே வந்து விழுந்தால் படிக்கட்டுபோலவோ நடுவில் ஓட்டை விழுந்ததுபோலவோ ஆகும். அந்த ஒழுங்கற்ற உருவத்துக்குள் மட்டும் மை படியும்படி கணினி வரைய வேண்டும், அதுவும் கை நகர்த்தும் வேகத்துக்கு ஈடுகொடுத்து. அட்கின்சன் இத்தகைய உருவங்களைச் சுருக்கமாகக் குறித்துவைக்கவும் கூட்டிக் கழிக்கவும் ஒரு முறை கண்டு, ரீஜன் என்று அதற்குப் பெயரிட்டார். 1983இல் வந்த லிசாவும் 1984இல் வந்த மெக்கின்டோஷும் அதன்மேல்தான் நின்றன. தாள்கள் தாள்களைப்போல் நடந்துகொண்டன. பெரிய சாதனைதான்.

ஆனால் மேசையை உவமையாக எடுத்தவர்கள் மேசையின் அகலத்தை எடுத்துவரவில்லை. முதல் மெக்கின்டோஷின் திரை 512க்கு 342 புள்ளிகள். அங்குலத்துக்கு 72 புள்ளிகள் என்பதால் அதன் பரப்பு சுமார் 34 சதுர அங்குலம். ஒரு ஏ4 தாளில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுதான் அதிகம். ஐந்தடிக்கு இரண்டரையடி உள்ள சாதாரண அலுவலக மேசையில் அப்படி 50க்கு மேற்பட்ட திரைகளைப் பரப்பலாம். மேசைமேல் காகிதம் குவிந்திருப்பதைச் சோம்பல் என்றும் சொல்லிவிட முடியாது. தாமஸ் மலோன் 1983இல் அலுவலக மேசைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, தலைப்பிட்ட கோப்புகளோடு பெயரில்லாத குவியல்களும் ஏன் இருக்கின்றன என்று கேட்டது. கண்ணில் படும் இடத்தில் ஒரு குவியல் கிடப்பதே இந்த வேலை பாக்கி என்று நினைவூட்டுகிறது என்பது அவர் கண்டறிந்தவற்றுள் முக்கியமானது. மேசைமேல் ஒவ்வொரு குவியலும் ஒரு வேலை. இருக்கும் இடத்தை வைத்தே அது என்ன வேலை என்று கைக்குத் தெரியும். திரையில் வேலைக்கொரு குவியல் இல்லை. எல்லா வேலையின் தாள்களும் ஒரே குவியல்தான்.

இதைப் பார்த்தே ஒரு கட்சி ஓடு பதிக்கும் முறைக்குப் போனது. அந்தக் கட்சியும் பார்க்கிலேயே இருந்தது. அங்கே உருவான சீடர் என்ற அமைப்பில் சாளரங்கள் இரண்டு பத்திகளாக நின்றன, ஒன்றையொன்று மறைக்கவில்லை. 1981இல் ஜெராக்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டார் கணினியும் ஆவணங்களைப் பக்கம் பக்கமாகவே வைத்தது. முதலில் மறைக்கும் சாளரங்களை வைத்துச் சோதித்துப் பார்த்தபோது, மக்கள் அவற்றை ஒன்றையொன்று மறைக்காதபடி நகர்த்துவதிலேயே நேரத்தைச் செலவிட்டார்கள் என்பது அதன் வடிவமைப்பாளர்கள் சொன்ன காரணம். சீடரின் சாளர நிர்வாகத்தை எழுதிய ஸ்காட் மெக்கிரெகர் பிறகு மைக்ரோசாஃப்ட்டுக்குப் போய், 1985 நவம்பர் 20 அன்று வெளிவந்த விண்டோஸ் 1.0இன் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கினார். அதில் ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அடிப்பகுதியில் இருக்கும் இன்னொன்றின் சின்னத்தை இழுத்துத் திரையில் போட்டால், முன்னது ஒதுங்கி இடம் விடும். புதியது அந்த இடத்தில் உட்காரும். மூன்றாவதைப் போட்டால் மீண்டும் பங்கு பிரியும். சிறிய உரையாடல் பெட்டிகள் மட்டுமே மேலே மிதக்கலாம். நம் அடுப்படியின் அஞ்சறைப் பெட்டி இதே ஏற்பாடுதான்: எதற்கும் தனி இடம், எதுவும் எதையும் மூடாது. ஆனால் அஞ்சறைப் பெட்டியில் மிளகு போட்டதற்காகக் கடுகின் அறை சுருங்குவதில்லை. 640க்கு 350 புள்ளிகள் கொண்ட திரையை நான்காகப் பங்கு போட்டால் ஒரு கடிதத்தின் பத்து வரிகூட ஒழுங்காகத் தெரியாது.

எது நல்லது என்று சோதித்தும் பார்த்தார்கள். பார்க்கைச் சேர்ந்த சாரா பிளையும் ஜாரெட் ரோசன்பர்க்கும் 1986இல் வெளியிட்ட ஒப்பீட்டின் முடிவு இரு கட்சியையும் திருப்திப்படுத்தாது. உள்ளடக்கம் ஓட்டின் அளவுக்கு இயல்பாகப் பொருந்தும் வேலையில் ஓடு பதித்த முறை வேகமாக இருந்தது. பொருந்தாத வேலையில் மறைக்கும் முறை முந்தியது, ஆனால் பழகிய கைகளுக்கு மட்டும். அதாவது, எது சிறந்தது என்பது சாளரத்தில் இல்லை, வேலையில் இருந்தது. இந்த நுட்பமான பதிலைச் சந்தை கேட்கவில்லை. 1987 டிசம்பரில் வந்த விண்டோஸ் 2.0 மறைக்கும் சாளரங்களுக்கு மாறியது. 1988 மார்ச்சில் ஆப்பிள் மைக்ரோசாஃப்ட்மீது வழக்குத் தொடர்ந்தது. தன் இடைமுகத்தின் 189 கூறுகள் நகலெடுக்கப்பட்டதாக ஆப்பிள் சொன்னது. அவற்றில் 179 கூறுகள், மைக்ரோசாஃப்ட்டோடு 1985இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஆப்பிளே கொடுத்த உரிமத்துக்குள் வந்துவிடுகின்றன என்றார் நீதிபதி. மிஞ்சிய பத்தில், ஒன்றையொன்று மறைக்கும் சாளரமும் விவாதப் பொருளாக இருந்தது. மேல்முறையீடும் 1994இல் ஆப்பிளுக்கு எதிராகவே முடிந்தது. இத்தனை ஆண்டு நீதிமன்றத்தில் வாதாடிப் பெற முயன்ற பொருள், ஆல்டோவின் இடப்பற்றாக்குறைக்குக் கண்ட கைமருந்து.

இந்தச் சண்டை தொடங்குவதற்கு முன்பே, பார்க்கில் ஆஸ்டின் ஹெண்டர்சனும் ஸ்டூவர்ட் கார்டும் வேறு பக்கமிருந்து வந்தார்கள். பீட்டர் டென்னிங் 1968இல் கணினியின் நினைவகத்தைப் பற்றி ஒரு கருத்தைச் சொல்லியிருந்தார். நிரல் பெரியது, நினைவகம் சிறியது. ஆனால் ஒரு நிரல் குறிப்பிட்ட நேரத்தில் தன்னுடைய சில பக்கங்களை மட்டுமே திரும்பத் திரும்பத் தொடுகிறது. அந்தச் சில பக்கங்களும் சேர்ந்து உள்ளே இருந்தால் போதும். ஒன்று குறைந்தாலும், அதைக் கொண்டுவர இன்னொன்றை வெளியே தள்ளி, தள்ளியதே மறுநொடி தேவைப்பட்டு, இயந்திரம் வேலையை விட்டுவிட்டு இழுப்பதும் தள்ளுவதுமாகவே திணறும். திரையும் இதே நிலையில்தான் இருக்கிறது என்றார்கள் ஹெண்டர்சனும் கார்டும். சாளரங்கள் நிறைய, திரை சிறியது, ஆனால் ஒரு வேலைக்குத் தேவையானவை சில. ஆகவே அந்தச் சிலவற்றை மொத்தமாக உள்ளே கொண்டுவந்து மொத்தமாக வெளியே அனுப்ப வேண்டும். 1986இல் அவர்கள் விவரித்த ரூம்ஸ் என்ற அமைப்பில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அறை. அறையில் கதவுகள் உண்டு; கதவைச் சொடுக்கினால் இந்த அறையின் சாளரங்கள் மறைந்து அடுத்த அறையின் சாளரங்கள் விட்ட இடத்திலேயே தோன்றும். கடிகாரம், அஞ்சல் போன்று எங்கே போனாலும் வேண்டியவற்றைப் போட்டுக்கொள்ளச் சட்டைப்பை இருந்தது. ஒரு சாளரத்தைக் கையோடு அடுத்த அறைக்குக் கொண்டுபோக மூட்டை இருந்தது. எல்லா அறைகளையும் சின்னச் சின்னப் படங்களாக ஒருசேரப் பார்க்க ஒரு மேற்பார்வைத் திரையும் இருந்தது. என் கணிப்பில் இதன் மிக நுட்பமான பகுதி வேறு. ஒரே சாளரம் இரண்டு அறைகளில் இருக்கலாம். ஓர் அறையில் பெரிதாக நடுவிலும், இன்னோர் அறையில் சிறிதாக மூலையிலும். இடமும் அளவும் சாளரத்துக்குச் சொந்தமல்ல, அறைக்குச் சொந்தம் என்ற எண்ணம் அதற்குள் இருந்தது.

இதற்குப் பிறகு பெருவழியில் நடந்தது என்ன? 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 டாஸ்க்பாரைக் கொண்டுவந்தது. எல்லாச் சாளரங்களும் அடியில் ஒரே வரிசையில் பெயரோடு நின்றது கோடிக்கணக்கானோருக்கு உண்மையிலேயே உதவி. அடியில் கிடந்ததைத் தோண்ட வேண்டாம், கூப்பிட்டால் வரும். ஆனால் சாளரங்கள் பெருகியபோது 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி அவற்றை எப்படித் தொகுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எக்ஸெல் எல்லாம் ஓர் இடம், பிரௌசர் எல்லாம் ஓர் இடம். நம் கணக்காளரின் ஜிஎஸ்டி எக்ஸெலும் வருமான வரி எக்ஸெலும் ஒரே கட்டுக்குள் போயின. ஜிஎஸ்டி எக்ஸெலும் அதோடு ஒட்டிய பிடிஎஃபும் பிரிந்தன. மெக்கின்டோஷின் பழைய அமைப்பிலும் ஒரு சாளரத்தைத் தொட்டால் அதே நிரலின் எல்லாச் சாளரங்களும் சேர்ந்து மேலே வந்துவிடும். 2003இல் ஆப்பிள் கொண்டுவந்த எக்ஸ்போஸே ஒரே விசையில் எல்லாவற்றையும் சிறிதாக்கிப் பரப்பிக் காட்டியது. கண்ணுக்கு அழகாக இருந்தது, தேடவும் சுலபம்; ஆனால் அதுவும் தேடுவதற்கான வசதிதான். கொல்லன் பட்டறையில் ஒரு வண்டிச் சக்கரத்துக்கு வேண்டிய சுத்தியலும் குறடும் பட்டையும் ஒன்றாகக் கிடக்கும். துறையினர் எல்லாச் சுத்தியலையும் ஓர் அலமாரியிலும் எல்லாக் குறட்டையும் வேறோர் அலமாரியிலும் பூட்டிவைத்தார்கள். மைக்ரோசாஃப்ட்டின் சொந்த ஆய்வாளர்களே 2003இல் குரூப்பார் என்ற மாதிரியைச் செய்து, டாஸ்க்பாரின் பொத்தான்களை வேலைவாரியாக இழுத்துச் சேர்க்கலாம் என்று காட்டினார்கள். விண்டோஸின் டாஸ்க்பாரோ நிரல்வாரியாகத் தொகுப்பதையே தொடர்ந்தது.

அறைகள் நல்ல யோசனையாக இருந்தால் ஏன் பரவவில்லை என்று கேட்கலாம். காப்புரிமை தடுத்தது என்பது ஒரு பதில். ஜெராக்ஸுக்கு 1991இல் அந்தக் காப்புரிமை கிடைத்தது உண்மை. அதைக் கைவசம் வைத்திருந்த ஒரு நிறுவனம் 2007இல் ரெட்ஹேட், நோவெல் என்ற மென்பொருள் நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டு, 2010இல் டெக்சாஸ் ஜூரி அதைச் செல்லாது என்று தீர்த்ததும் உண்மை. ஆனால் அந்த இடைக்காலம் முழுவதும் யுனிக்ஸ் உலகில், ஒரே திரையில் மாற்றி மாற்றிக் காட்டும் மெய்நிகர் மேசைகள் தாராளமாகப் புழங்கின. 1990களில் நிறுவனங்கள் கூடிச் செய்த சிடிஇ என்ற சூழலின் அடிப்பட்டையில் நான்கு வேலைத்தளங்களுக்கான பொத்தான்கள் தயாராகவே இருந்தன. 1998இன் கேடிஇயிலும் இருந்தன. எம்ஐடியில் 1984இல் தொடங்கிய எக்ஸ் அமைப்பு, சாளரங்களை எப்படி அடுக்குவது என்ற முடிவைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் தனி நிரலுக்கு விட்டுவிட்டதே அதற்குக் காரணம். யாருக்கு எந்த அடுக்கு பிடிக்கிறதோ அதை அவரே எழுதிக்கொள்ளலாம். கூடுதல் வலுவுள்ள எதிர்வாதம் இன்னொன்று: கிடைத்தபோதும் பெரும்பாலோர் பயன்படுத்தவில்லையே என்பது. எக்ஸ்பிக்குத் தனியாக இறக்கிக்கொள்ளும் மெய்நிகர் மேசை இருந்தும் அதைத் தேடிப் போனவர்கள் குறைவு. இதை நான் ஒதுக்கிவிடவில்லை. கதவும் சட்டைப்பையும் மேற்பார்வையும் இல்லாமல் வெறுமனே நான்கு மேசைகளை மட்டும் கொடுத்தால், எதை எங்கே விட்டோம் என்ற புதிய தேடல்தான் மிஞ்சும். ரூம்ஸில் வழிகாட்டும் பொருள்கள்தான் உயிர். அவற்றை உரித்துவிட்டுச் சுவர்களை மட்டும் நகலெடுத்தார்கள். ஆப்பிள் 2007இல் ஸ்பேசஸ் என்ற பெயரில் மெய்நிகர் மேசைகளைக் கொண்டுவந்து, 2011இல் அதை எக்ஸ்போஸேயோடு இணைத்தது. விண்டோஸில் அது இயல்பான உறுப்பாக வர 2015 ஆகிவிட்டது.

திரை பெரிதாகிவிட்டதே, இனி அறை எதற்கு என்றும் கேட்பார்கள். இதற்கு ஜொனாதன் குருடின் 2001இல் வெளியிட்ட ஆய்வு நேரடியான பதில். இரண்டு திரைகளோடு வேலை செய்பவர்களை அவர் கவனித்தார். அவர்கள் இரண்டையும் சேர்த்து ஒரு பெரிய பரப்பாகக் கருதவில்லை. ஒரு சாளரத்தை இரண்டுக்கும் குறுக்கே விரிப்பவர் அரிது. முக்கிய வேலை ஒரு திரையில், அஞ்சலும் பின்னணிப் பொருள்களும் மற்றதில் என்று பிரித்துக்கொண்டார்கள். கூடுதல் இடம் கிடைத்ததும் முதல் காரியமாக நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டார்கள் என்றே இதைப் படிக்க வேண்டும். குளோரியா மார்க்கும் விக்டர் கொன்சாலஸும் 2004இல் கண்டதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அவர்கள் பின்தொடர்ந்த அலுவலகப் பணியாளர்கள் சராசரியாகப் பத்து தனித்தனி வேலை வட்டங்களுக்குள் இயங்கினார்கள். ஒரு வட்டத்தில் சுமார் 12 நிமிடம் இருந்ததும் வேறொன்றுக்கு மாறினார்கள். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திரையைக் கலைத்து அடுக்குகிறவருக்குச் சதுர அங்குலம் கூடியதால் என்ன ஆகும்?

கைபேசியும் டேப்லட்டும் சாளரத்தையே ஒழித்துவிட்டனவே என்பது இன்றைய வாதம். ஒரு நேரத்தில் ஒரு செயலி, திரை முழுக்க. பேசவும் படிக்கவும் படம் பார்க்கவும் இது போதும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஐபேட் போன வழியைப் பாருங்கள். 2010இல் ஒற்றைச் செயலியோடு தொடங்கியது. 2015இல் திரையை இரண்டாகப் பிரித்தது, அது விண்டோஸ் 1.0 நின்ற இடம். 2022இல் ஸ்டேஜ் மேனேஜர் என்ற பெயரில் சாளரங்களைத் தொகுதிகளாக ஓரத்தில் நிறுத்தி, ஒரு தொகுதியைத் தொட்டால் மொத்தமும் நடுவுக்கு வரும்படி செய்தது; ஒன்றையொன்று மறைக்கும் சாளரங்களும் அதோடு வந்தன. 2025இல் அவற்றை விரும்பிய இடத்தில், விரும்பிய அளவில் வைத்துக்கொள்ளவும் விட்டுவிட்டது. மேசைக்கணினி 40 ஆண்டில் நடந்த பாதையை இது 15 ஆண்டில் நடந்து முடித்தது. எழுதவும் கணக்குப் பார்க்கவும் ஒப்பிடவும் மக்கள் அதை எடுத்ததுமே ஒற்றைத் திரை போதாமல் போனது. பிரௌசருக்குள் பெருகிய டேப்களும் இதே கதைதான்: வெளியே தீராத சிக்கல் ஒரு சாளரத்துக்குள் குடிபுகுந்து அங்கே இன்னொரு குவியலாயிற்று.

ரூம்ஸின் கூறுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. ஒரு சாளரத்தை எல்லா மேசையிலும் காட்டு என்று இன்றைய விண்டோஸில் உள்ள கட்டளை பழைய சட்டைப்பைதான். மேசைகளை வரிசையாகக் காட்டும் காட்சி பழைய மேற்பார்வைத் திரை. மேசைகளுக்குப் பெயர் வைக்கலாம். கணினியை அணைத்துத் திறந்தாலும் பெயர்கள் இருக்கும், ஆனால் அவற்றில் இருந்த சாளரங்கள் இருக்காது. ஒரே சாளரம் இரண்டு அறைகளில் இரண்டு அளவில் இருக்கும் அந்த ஏற்பாடு மட்டும் பெரும்பாலோர் புழங்கும் கணினிகளில் இன்னும் வரவில்லை. எல்லா மேசையிலும் காட்டச் சொன்னால் அது எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் வந்து நின்று மற்றவற்றை மறைக்கிறது. 2006இல் எக்ஸ் அமைப்புக்காக எழுதப்பட்ட டிடபிள்யூஎம் என்ற நிரலில் அது இருக்கிறது. 2,000 வரிகளுக்கு மேல் போகக் கூடாது என்று அதை எழுதியவர்களே வரம்பு கட்டிக்கொண்ட சின்ன நிரல். அதில் மேசைகளே கிடையாது. சாளரத்துக்குச் சில குறிகளைக் கட்டுகிறார்கள். ஜிஎஸ்டி என்று ஒன்று, வருமான வரி என்று ஒன்று என்பதாக வைத்துக்கொள்ளலாம். பிரௌசருக்கு இரண்டையும் கட்டலாம். எந்தக் குறியை அழைக்கிறோமோ, அதைத் தாங்கிய சாளரங்கள் மட்டும் வந்து ஓடு பதித்ததுபோல் தாமே அடுக்கிக்கொள்கின்றன. கூட வந்தவை எத்தனை என்பதைப் பொறுத்து அதே பிரௌசர் ஓரிடத்தில் பாதித் திரையையும் இன்னோரிடத்தில் கால் திரையையும் எடுத்துக்கொள்கிறது.